பிந்தி வந்த ஒளி

மெர்லிமா ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த பழைய தோட்ட ஆஸ்பத்திரிக்குச் சரோஜினி போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்கான மறுவாழ்வு இல்லமாக அதை மாற்றியிருந்தார்கள். தன் மூளை ஆராய்ச்சிக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த கருவியைப் பெண்கள் வார்டுக்குள் உருட்டிச் சென்றாள். உள்ளே புளித்த ரப்பர் பால் வாடை அடித்தது. அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

கடைசிக் கட்டிலில் நிர்மலாதேவி படுத்திருந்தாள். லோரி ஓட்டியவள். இடது கை இனி வராது என்று டாக்டர்கள் சொன்னதை அவள் ஏற்கவில்லை. அதனாலேயே ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

சரோஜினி லேசர் முனையை அவள் நெற்றியில் பட்டையால் கட்டினாள். தோலைத் தொட்டுத் திரும்பும் ஒளி முந்தி வரும். மூளைவரை போன ஒளி பிந்தி வரும். பிந்தியதை மட்டும் பிரித்தெடுத்தால், ஊசி குத்தாமலே உள்ளே ரத்தம் ஓடுவது திரையில் அலையாகத் தெரியும்.

முந்தி வந்த ஒளியில் ஒரு துடிப்பு இருந்தது.

பிந்தி வந்த ஒளியில் இரண்டு.

இரண்டாவது மிக மெதுவாக அடித்தது, தூங்குகிறவளுடையதைப் போல.

கருவியில்தான் கோளாறு என்று சரோஜினி தன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுதான். பக்கத்துக் கட்டில் ராமாத்தாளுக்கும் ஒன்றுதான். மறுபடி நிர்மலாவிடம் வைத்தாள்.

இரண்டு.

"இன்னொருத்தி தெரியுறாளா, டாக்டர்?" நிர்மலா தணிந்த குரலில் கேட்டாள்.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"இங்க படுத்த நாள்லேருந்து உள்ள இருக்கா. 'இது என் கட்டில், எழுந்து போ'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கா."

வேறு கட்டில் தருவதாக இல்லத்தில் சொன்னார்களாம். லோரி நிறுத்துகிற இடத்தில்கூட யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை என்று இவள் மறுத்துவிட்டாளாம்.

அப்போது மெதுவான அலை உயர்ந்தது.

நிர்மலாவின் அலை சுருங்கியது. ரப்பர் பால் வாடை இன்னும் ஏறியது. அவள் உதடுகள் வெளுத்தன. சரோஜினியின் கை சுவிட்சுக்குப் போனது.

"நிறுத்தாதீங்க." நிர்மலாவுக்கு மூச்சு வாங்கியது. "அவ எங்க இருக்கான்னு நான் பார்க்கணும். ஸ்கிரீனை இப்படித் திருப்புங்க."

சரோஜினி திருப்பினாள்.

நிர்மலா அந்த அலையையே முறைத்தாள். பற்களைக் கடித்தாள். கழுத்து நரம்புகள் புடைத்தன.

"என் தலை. என் கை. நீ வெளிய போ லா."

இடது சுண்டுவிரல் அசைந்தது.

திரையில் அவள் அலை மேலேறியது. பிறகு மணிக்கட்டு. பிறகு அந்தக் கை, உதறியபடி, போர்வைக்கு மேலே எழுந்தது. மெதுவான துடிப்பு தடுமாறி, நின்றுபோனது.

சரோஜினி பட்டையை அவிழ்த்து, அவளைத் தாங்கி உட்காரவைத்தாள். கூரையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

நிர்மலாவின் முதுகுக்குப் பின்னால், காலியான தலையணை மெல்லக் குழிந்தது. யாரோ தலை சாய்ப்பதுபோல.

நிர்மலா திரும்பிப் பார்த்தாள். கட்டிலைவிட்டு எழவில்லை. இடது கையாலேயே தலையணையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினாள்.

"அங்க படு," என்றாள்.

தரையில் கிடந்த தலையணை உப்பியது. பிறகு, நடுவில், மறுபடி குழிந்தது.