பத்தாவது தோட்டா

அப்பாசாமி அலறவில்லை.

அலற அவனுக்கு அவகாசம் தரப்படவில்லை. அலறியது தேவநேசன்.

ரங்கூன் மொகல் தெருவில், பழைய அரிசிக் கிடங்கொன்றுக்குள் நடந்த துப்பாக்கிக் கூடம் அது. இந்தக் கோடியில் வாடிக்கையாளர் நின்று சுடுவார். அந்தக் கோடியில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்பில் சிறு சதுரத் திறப்பு. திறப்பை மூடிக் குறி அட்டை தொங்கும். தடுப்புக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில், அட்டை மாற்றும் அப்பாசாமி பத்திரமாக உட்கார்ந்திருப்பான். அவன் மணி அடித்தால் அடுத்த தோட்டாவைச் சுடலாம்.

இப்போது அவன் படுத்திருந்தான்.

நெற்றியில் ஒரு ஓட்டை...

சனிக்கிழமை மதியம். வெளியே ஆகஸ்டு மழை. சப்-இன்ஸ்பெக்டர் நல்லையா தொப்பியிலிருந்து நீர் சொட்ட வந்து சேர்ந்தார். பின்னால் பர்மியக் கான்ஸ்டபிள் மாங் டின்.

"பேரு?"

"தேவநேசன், சார். அரிசி ஆலையில கிளார்க்கு."

"எத்தனை தடவை சுட்டே?"

"பத்து."

நல்லையா அட்டையைத் தூக்கிப் பிடித்தார். நடுக் கறுப்பு வட்டத்துக்குள் நெருக்கியடித்து ஒன்பது ஓட்டைகள்.

"இதுல ஒன்பதுதான் இருக்கு. பத்தாவது எங்கேன்னு நான் சொல்லவா, நீயே சொல்றியா?"

தேவநேசன் கைகூப்பினான்.

கூடத்தின் முதலாளி தஸ்தகீர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தடுப்புக்கு மேலே தலையைத் தூக்காதேன்னு தலைப்பாடா அடிச்சிக்குவேன் சார். நான் தேத்தண்ணி சொல்லப் பின்பக்கம் போன நேரம் பார்த்துத் தூக்கிட்டானே..."

"முன்னே துப்பாக்கி பிடிச்சிருக்கியா?" என்றார் நல்லையா.

"சத்தியமா இல்லை சார். இன்னைக்குத்தான் முதல் தடவை."

"முதல் தடவையிலேயே நட்ட நடுவுல ஒன்பது."

அந்த நிலையிலும் தேவநேசனின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. "ஆமா சார்."

"அப்படிச் சுடுறவன், பத்தாவதை மட்டும் கை தவறி ஒரு முழம் மேலே விட்டான்னா எந்த ஜட்ஜு நம்புவாரு? குறி வச்சுத்தான் அடிச்சிருக்கே."

நெஞ்சு நான்கு அங்குலம் சுருங்கியது.

"ஐயோ, நான் கண்ணை மூடிக்கிட்டு சுட்டேன் சார்."

"எந்தக் கண்ணை?"

"ரெண்டையும்."

"எத்தனை தடவை?"

"பத்துத் தடவையும்."

நல்லையா நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "கண்ணை மூடினாலும்... குறி தப்பாதவன்."

"சார்..."

"அப்பாசாமியோட என்ன பகை?"

"அவர் முகத்தையே நான் பார்த்ததில்லை சார்."

"முகம் பார்க்காதவனையே இப்படின்னா, பார்த்துப் பழகினவன் கதி என்ன?"

வாயைத் திறந்தால் கயிறு ஒரு முறுக்கு ஏறுகிறது. மூடினாலும் ஏறுகிறது. இன்சின் சிறையில் அதிகாலையில்தான் தூக்குப் போடுவார்கள் என்று தேவநேசன் கேள்விப்பட்டிருந்தான்.

"எதுக்குய்யா இங்கே வந்தே?"

"எங்க துரை ஞாயித்துக்கிழமை த்வாண்டே பக்கம் வாத்து சுடப் போவாரு. சுடத் தெரிஞ்ச கிளார்க்கு அவர்கூட படகுல உக்காரலாம். தெரியாதவன் சாப்பாட்டுக் கூடை தூக்கணும்."

"நீ?"

"நாலு வருஷமா கூடை, சார்."

"இனிமே தூக்க வேண்டாம். ஜெயில்ல சாப்பாடு இருக்கிற இடத்துக்கே வரும்."

மாங் டின் விலங்கை மாட்டினான். கிளிக்...

"இந்த அட்டை நீ சுட்டதுதான்னு ஓரத்துல கையெழுத்துப் போடு."

விலங்கிட்ட கையால் தேவநேசன் அட்டையை வாங்கினான். கட்டைவிரல் அந்த ஒன்பது ஓட்டைகளின் மேல் ஊர்ந்தது.

நின்றது.

மறுபடி தடவினான். சொரசொரப்பு.

அட்டையைத் திருப்பினான். பின்பக்கம் வழுவழு.

"சார்... இது நான் சுட்டது இல்லை."

"இவ்வளவு நேரம் ஆமான்னே?"

"தினம் முந்நூறு காகிதத்தைக் குத்தூசியால குத்தி ஃபைல் கட்டுறவன் சார் நான். ஊசி நுழையிற பக்கம் வழுவழுன்னு இருக்கும். வெளியே வர்ற பக்கம்தான் காகிதம் உதட்டைப் பிதுக்கும். முன்னாலேர்ந்து சுட்டா அட்டை பின்னாலதானே பிதுங்கணும்? இது முன்பக்கம் பிதுங்கியிருக்கு."

ஒன்பதும் கையைவிட்டுப் போகிறதே என்று ஒரு கணம் வருத்தம் எழுந்தது. கழுத்து அதைவிட முக்கியம் என்று விழுங்கிக்கொண்டான்.

நல்லையா தடவிப் பார்த்தார். மேசைமேல் இருந்த தோட்டாப் பெட்டியைக் கவிழ்த்தார். மிச்சம் இருந்த எதிலும் ஈயமுனை இல்லை. வாயில் காகிதம் அடைத்து அரக்கு வைத்திருந்தது.

வெற்று வெடி!

"பாய்," என்றார் மெதுவாக, "பின்பக்கம் தேத்தண்ணி சொல்லப் போனீங்களே... தேத்தண்ணி எங்கே?"

தஸ்தகீரின் பார்வை தடுப்புப் பக்கம் ஓடியது.

நல்லையா கைகாட்ட, மாங் டின் தடுப்புக்குப் பின்னாலிருந்த மணலைக் கிளறினான். ஒரு குத்தூசி வந்தது. அதன் பின்னாலேயே ஒரு கைத்துப்பாக்கி.

தஸ்தகீர் முக்காலியில் சரிந்தார்.

"புதுசா வர்றவங்களுக்கு நிஜத் தோட்டா குடுத்தா கூரை மிஞ்சாது சார். வெற்று வெடிதான். அப்பாசாமி பின்னாலேர்ந்து அட்டையில குத்துவான். அவங்களும் சந்தோஷமா மறுபடி வருவாங்க. இப்ப அவன் எதிர்ச் சாரியில சொந்தமா கூடம் போடுறேன், இங்கே நடக்கிறதைப் பத்திரிகையில போடுறேன்னான். அவன் பக்கத்துல நின்னு பத்தாவது மணியை நான்தான் அடிச்சேன். இவர் வெடியும் என் வெடியும் ஒண்ணாக் கேட்டுது..."

நல்லையாவின் பேனா நின்றது.

"புதுசா வர்றவங்களுக்கு மட்டும்தானே, பாய்?"

"பெரிய மனுஷங்களுக்கும்தான், சார்."

"போன மாசம்... கமிஷனர் துரை முன்னாடி நான் பத்துக்குப் பத்து அடிச்சேனே?"

"அன்னைக்கு நீங்க ரொம்ப வேகமா சுட்டீங்க சார். அப்பாசாமிக்கு விரலே வீங்கிப்போச்சு."



நல்லையா மாங் டின்னைப் பார்த்தார். அவனுக்குத் தமிழ் தெரியாது. தேவநேசனைப் பார்த்தார். இவனுக்கு நன்றாகத் தெரியும். நல்லையாவின் ஒரு கையில் அட்டை. மறு கை சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தது.

குச்சி பற்றியது.

அட்டை எரிந்தால் தேவநேசனின் சாட்சி எரிந்தது. கோர்ட்டில் விரல் தடவிய கதையை யார் கேட்பார்கள்? சுடர் அட்டையின் ஓரத்தை நெருங்கியது. ஓட முடியாது. பிடுங்க முடியாது. விலங்கு.

"சார்," என்றான் தேவநேசன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் செய்யாத கொலையை ஒரு மணி நேரம் நீங்க நம்புனீங்க. நீங்க சுடாத பத்தை ஆயுசு பூரா நான் நம்ப மாட்டேனா?"

குச்சி விரலைச் சுட்டது.

நல்லையா அதை உதறினார். அட்டையை நோட்டுக்குள் வைத்தார். விலங்கைக் கழற்றி தஸ்தகீரின் கையில் மாட்டினார். இடுப்புத் துப்பாக்கியை உருவிக்கொண்டார்.

"முன்னாடி நடங்க, பாய். ஓடிட மட்டும் செய்யாதீங்க... சுட்டா யார் மேல படும்னு எனக்கே தெரியாது!"