கப்பலேறாத சோடா

பாம்ம்ம்ம்...

ஹார்ன் நிற்கவே இல்லை!

ஆரணி சேத்துப்பட்டு ரோட்டில், டேனியின் சோடா கம்பெனி வாசலில் அந்த வேன் நின்றிருந்தது. பின்னால் மாட்டிக்கொண்ட டவுன் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ்! காது கிழியுதுய்யா! வண்டிய ஓரம் கட்டு!"

பதில் இல்லை. ஹார்ன் மட்டும் அலறிக்கொண்டே இருந்தது.

பஸ் டிரைவர் கெட்ட வார்த்தையோடு இறங்கி வந்தார். வேன் கதவை வெடுக்கென்று திறந்தார்.

ஸ்டியரிங் மேல் கவிழ்ந்திருந்தவன் அப்படியே சரிந்து அவர் தோளில் விழுந்தான். ஹார்ன் நின்றது... பஸ் டிரைவர் அலற ஆரம்பித்தார்!

செத்தவன் பெயர் வீரன். வயது முப்பத்தெட்டு. பட்டு முதலாளி தங்கவேலுவின் வேன் டிரைவர். கடைவாயில் நுரை வழிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை, மாலை மணி மூன்றே முக்கால்.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் எழிலரசி ஜீப்பிலிருந்து குதித்தாள். கூடவே ஏட்டு பவுல்துரை.

வேனின் முன் சீட்டில் ஒரு மரப்பெட்டி. அதில் ஆறு கோலி சோடா பாட்டில்கள். ஐந்தில் நன்னாரி நிறத்தில் சோடா ததும்பியது. ஒன்று காலி.

"கடைக்காரன் எங்க?"

டேனி தானாகவே வந்து நின்றான். ஒல்லியான ஆள். அவன் மனைவி சோபியா கைக்குழந்தையோடு கதவோரம் விசும்பிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு. இன்னா நடந்துச்சு?"

"பாட்டில் குடுக்க வந்தான் மேடம். கோலி பாட்டில் எப்பவும் கம்பெனிக்குத் திரும்பி வந்துடணும்ல... 'அஞ்ச வூட்டுக்கு எடுத்துகினு போறேன், ஒன்ன இங்கயே குடிச்சிட்டு காலிய குடுத்துடறேன்'னான். என் கண்ணு முன்னாடிதான் குடிச்சான். 'இன்னாடா, கசக்குது'ன்னான். காலிய கையில வெச்சிகினே வண்டில போயி உக்காந்தான்... அவ்ளோதான் மேடம்!"

"இது யாருக்குப் போட்ட சோடா?"

டேனி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தான்.

"தங்கவேலு மொதலாளிக்கு."

கூட்டத்தில் சலசலப்பு ஓடியது. காரணம் இல்லாமல் இல்லை!

பட்டு நூல் கம்பெனி ஒன்று தன் பெரிய வாடிக்கையாளர்களுக்குக் கப்பல் சுற்றுலா பரிசு கொடுத்திருந்தது. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, மூன்று நாள் கடலைச் சுற்றிவிட்டு, திங்கட்கிழமை சாயங்காலம் திரும்ப வேண்டும். தங்கவேலுவும் மனைவி கமலமும் இன்று காலை ஆரணியிலிருந்து கிளம்பினார்கள். சூட்கேஸோடு ஆறு நன்னாரி சோடாவும் போனது. ஆனால் துறைமுக வாசலிலேயே அதைத் தடுத்துவிட்டார்கள். முதலாளி கப்பலேறினார். சோடா வேனிலேயே ஊர் திரும்பியது.

"மேடம்... இது வீரனுக்கு வெச்சது இல்ல. மொதலாளிக்கு வெச்சது!" பவுல்துரை காதோரம் சொன்னார். "போன மாசம்தான் மொதலாளி இவன் கடைய காலி பண்ணச் சொன்னாரு. கட்டடம் அவருது. இவன் நடுரோட்ல நின்னு, 'நீ நல்லா இருக்க மாட்டே'ன்னு கத்துனான். ஊரே கேட்டுச்சு."

"பாட்டில வழில யாராவது தொறந்து கலந்திருக்கலாமே?"

"கோலியவா? சான்ஸே இல்ல மேடம்!"

ஏட்டு சொன்னது உண்மைதான். கோலி சோடாவைக் கட்டை விரலால் அமுக்கித் திறந்துவிடலாம். மூட முடியாது. மெஷினில் கவிழ்த்து காஸ் ஏற்றினால்தான் கோலி மேலே வந்து வாயை அடைக்கும். அந்த மெஷின் ஊரில் இரண்டே இரண்டு. ஒன்று ஆறு மாதமாக ரிப்பேர். இன்னொன்று டேனியிடம்.

அதாவது, விஷம் உள்ளே போனது காஸ் ஏறுவதற்கு முன்னால்! டேனியின் பட்டறையில்!

"மேடம், கர்த்தர் மேல சத்தியமா நான் இல்ல!" டேனி கையெடுத்துக் கும்பிட்டான். "சிரப்பு என்னுது இல்ல! மொதலாளியே நேத்து ஒரு தூக்குல எடுத்துகினு வந்தாரு. 'வூட்ல காச்சுனது, இத ஊத்தி காஸ் மட்டும் போட்டுக் குடு'ன்னாரு. நான் காஸ் மட்டும்தான் போட்டேன்!"

"மிச்ச சிரப்பு?"

"மிச்சமே இல்ல. ஆறு பாட்டிலுக்கு கணக்கா கொண்டாந்தாரு. தூக்கு வாளிய கூட அவரே கழுவி எடுத்துகினு போயிட்டாரு."

பவுல்துரைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாப்பா கதை உட்ற? தான் குடிக்கப் போற சோடால எவனாவது தானே விஷம் கலப்பானா?"

டேனி மறுபடியும் கையெடுத்துக் கும்பிட்டான்.

டொம்!

எங்கிருந்தோ வந்த கல் டேனியின் நெற்றியைப் பிளந்தது. அடுத்த கல் கடைக் கண்ணாடியை. "அடிங்கடா அவன!" என்று ஒரு குரல். சோபியா குழந்தையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் சோடா மெஷின் தெருவில் கிடந்தது.

எழிலரசி லத்தியைச் சுழற்றிக்கொண்டே டேனியை ஜீப்புக்குள் தள்ளினாள். கைதா, காப்பாற்றலா என்று அவளுக்கே அப்போது தெரியாது.

ஸ்டேஷனுக்குள் நுழைந்ததுமே போன் அலறியது. டி.எஸ்.பி.!

"ஊர் கொதிக்குது எழிலரசி. ஆள் கையில இருக்கான், காரணம் இருக்கு, மெஷினும் அவனுது. ஆறு மணிக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தி உள்ள தள்ளு."

"சார், ஒரு சின்ன டவுட்..."

"சந்தேகத்தை ஆறரைக்கு வெச்சுக்கோ!"

போன் வைக்கப்பட்டது. ஆஸ்பத்திரியிலிருந்தும் தகவல் வந்தது. விஷம்தான். சாயப்பட்டறைகளில் புழங்கும் சமாசாரம். ஐந்து சோடாவும் பரிசோதனைக்குப் போயாயிற்று.

மணி ஐந்து.

வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. லாக்கப்புக்குள் டேனி சுவரைப் பார்த்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரத்தில் அவன் கொலைகாரன் ஆகிவிடுவான். பிறகு கோர்ட், ஜெயில், தூக்கு... கைக்குழந்தைக்குக் கடைசி வரை அப்பன் முகம் தெரியாது.

அவன் சொன்னதில் ஒரு விஷயம் எழிலரசியை உறுத்திக்கொண்டே இருந்தது. சிரப்பைச் சரியாக அளந்து கொண்டுவந்து, தூக்கையும் தானே கழுவி எடுத்துப் போன முதலாளி! பத்து வேலைக்காரர்களை வைத்திருக்கிறவர் அவர்.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தலை கலைந்து, கண் வீங்கி... வீரனின் மனைவி சின்னபொண்ணு.

"உக்காரும்மா. டேனிக்கும் உன் வீட்டுக்காரருக்கும் ஏதாவது தகராறா?"

"டேனி அண்ணனா? அது புள்ளப்பூச்சிம்மா. எறும்பக் கூட மிதிக்காது." சின்னபொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தகராறெல்லாம் மொதலாளியோடதான்."

எழிலரசி நிமிர்ந்தாள்.

"இன்னா தகராறு?"

"முள்ளிப்பட்டு ரோட்ல போன வருசம் காத்தாயின்னு ஒரு கூலிக்காரம்மா கார்ல அடிபட்டு செத்துச்சே... அத அடிச்சது இவருன்னு கேஸு. இவரு இல்லம்மா! மொதலாளி குடிச்சிட்டு ஓட்டிகினு வந்தாரு. 'நீ ஒத்துக்கடா, வெளிய எடுத்துடறேன்'னு இவர மாட்டி உட்டாரு. இவருக்கு ராத்திரில தூக்கம் இல்ல. அந்த அம்மா மூஞ்சியே வருதுன்னு அழுவாரு. திங்கக்கெழம கோர்ட்டு. ஜட்ஜுகிட்ட உண்மைய சொல்லிடறேன்னு போன வாரம் மொதலாளிகிட்டயே சொல்லிட்டாரு."

"முதலாளி இன்னா சொன்னாரு?"

"நாலு நாளு பேசவே இல்ல. இன்னிக்கு மத்தியானம் துறைமுகத்துல இருந்து இவரு போன் பண்ணாரு. 'சின்னபொண்ணு, கப்பல்காரன் சோடாவ உள்ள உடல, மொதலாளி என் தோள்ல கை போட்டு நீயே குடிச்சுக்கடான்னு குடுத்துட்டாரு. ஆளு மனசு மாறிட்டாரு'ன்னு... சந்தோசமா சொன்னாரும்மா..."

சின்னபொண்ணு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எழிலரசி கடிகாரத்தைப் பார்த்தாள்.

மணி ஐந்து இருபது.

"பவுல்துரை! கப்பல் டிக்கெட் போட்டுக் குடுத்தவன் யாரு?"

"கிரண் மேடம். காந்தி ரோட்ல டிராவல்ஸ் வெச்சிகினு கீறான்."

"ஜல்தியா இழுத்துட்டு வாங்க!"

எட்டாவது நிமிடம் கிரண் எதிரே நின்றான். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

"கிரண், கப்பலுக்கு நாமளே குடிக்கறதுக்கு எடுத்துட்டுப் போகலாமா?"

"போலாம் மேடம். சரக்குதான் கூடாது. ஜூஸ், கூல்டிரிங்ஸ் எல்லாம் ஆளுக்குப் பன்னெண்டு வரைக்கும் விடுவாங்க. ஆனா கேன், இல்லன்னா அட்டை பாக்கெட்டா இருக்கணும். கம்பெனி சீல் உடைஞ்சிருக்கக் கூடாது. கண்ணாடி பாட்டில் கிட்டயே சேத்த மாட்டாங்க."

"இது தங்கவேலுவுக்குத் தெரியாதா? நம்ம ஊர்ல கோலிதான் சீல்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிட்டாரா?"

கிரண் சிரித்துவிட்டான்.

"தெரியாதாவா? அந்த ஒரு விஷயத்துக்கு மூணு வாட்டி போன் பண்ணி பேஜார் பண்ணாரு மேடம்! அவருக்கும் அம்மாவுக்கும் சேத்து இருபத்தி நாலு மாங்கா ஜூஸ் பாக்கெட் நான்தான் வாங்கிக் குடுத்தேன். எல்லாம் சீல் போட்டது. சூட்கேஸ்ல வெச்சிகினு போயிருக்காரு."

எழிலரசி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"மூணு வாட்டி இன்னா கேட்டாரு?"

"மொத வாட்டி, எதெது விடுவாங்கன்னு. ரெண்டாவது, கோலி சோடா விடுவாங்களான்னு. கண்டிப்பா விட மாட்டாங்கன்னு சொன்னேன். மூணாவதுதான் தமாஷ். 'கண்ணாடி பாட்டில பிடிச்சா குப்பைல போட்டுடுவாங்களா, இல்ல கூட வந்த ஆள் கையில திருப்பிக் குடுத்துடுவாங்களா?'ன்னு கேட்டாரு."

"நீ?"

"ஆள் வாசல்ல நின்னுகினு இருந்தா குடுத்துடுவாங்கன்னேன். 'அப்ப வீரன நிக்கச் சொல்றேன்'னாரு."

எழிலரசி மெல்ல எழுந்தாள்.

"ஏட்டய்யா, நீங்க கேட்டீங்களே... தான் குடிக்கப் போற சோடால எவனாவது தானே விஷம் கலப்பானான்னு. கலப்பான்! அதை ஒருநாளும் தான் குடிக்கப் போறதில்லன்னு தெரிஞ்சா தாராளமா கலப்பான்!"

பவுல்துரை வாயைப் பிளந்தார்.

"வீரன் செத்தா எல்லாரும் இன்னா நெனப்பாங்க? 'ஐயோ, முதலாளிக்கு வெச்ச விஷம், தப்பிச்சுட்டாரு'ன்னு. மாட்டறது டேனி. முதலாளி நடுக்கடல்ல உக்காந்து மாங்கா ஜூஸ் குடிச்சிட்டு இருப்பாரு!"

"அப்போ டேனிய விட்டுடலாமா மேடம்?"

"எப்படி விடறது? ஒரு போன்ல கேள்வி கேட்டதுக்கெல்லாம் கோர்ட்ல தண்டனை கிடையாது. கிரண், கப்பலுக்குப் பேச முடியுமா?"

"மொபைல் எடுக்காது மேடம். கப்பல் ஆபீஸ் நம்பர் இருக்கு. அவர வரவழைச்சுப் பேச வைப்பாங்க."

மணி ஐந்து நாற்பத்தைந்து. ஸ்பீக்கர் போடப்பட்டது. ரெக்கார்டர் ஓடியது. லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு டேனி நின்றான். பெஞ்சில் சின்னபொண்ணு.

"ஹலோ... தங்கவேலு பேசறேன். யாருங்க?"

"ஆரணி டவுன் இன்ஸ்பெக்டர் எழிலரசி. ஒரு துக்க சேதி சார். உங்க டிரைவர் வீரன் இறந்துட்டாரு. வண்டி ஓட்டிட்டு வரும்போது மாரடைப்பு."



"ஐயய்யோ! வீரனா? தங்கமான பையனாச்சே மேடம்!" குரல் அழகாக உடைந்தது. "மாரடைப்புன்னா... டாக்டரே சொல்லிட்டாருங்களா?"

"சொல்லிட்டாரு சார். பாடிய குடுத்துடப் போறோம். வேன்ல இருந்த சாமானுக்கு உங்க சம்மதம் வேணும். ஒரு பெட்டில அஞ்சு சோடா இருந்துச்சு."

"ஆறு மேடம்."

"அஞ்சுதான் சார். இன்னொன்ன கமலம் அம்மா துணியில சுத்தி ஹேண்ட்பேக்ல வெச்சிகினு கப்பலுக்குள்ள போயிட்டாங்களாம். வீரன் போன்ல அவன் சம்சாரத்துகிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கான். பரவாயில்ல, அவங்க குடிச்சுக்கட்டும்..."

"என்னது?!"

நாற்காலி கவிழும் சத்தம். பிறகு ஒரு அலறல்!

"கமலம்! யோவ், என் ரூமுக்கு ஆள் அனுப்புய்யா! அத குடிக்க வேணாம்னு சொல்லு! ஐயோ, ஒரு வாய் போனா போதும், உயிர் நிக்காது! கமலம்...!"

எழிலரசி மூன்று எண்ணும் வரை காத்திருந்தாள்.

"சார். மாரடைப்புன்னுதானே சொன்னேன்? சோடாவுல விஷம்னு நான் சொல்லவே இல்லையே?"

எழிலரசி ரெக்கார்டரை ஸ்பீக்கர் பக்கம் நகர்த்தினாள்.

"பயப்படாதீங்க. ஆறு பாட்டிலும் எங்ககிட்டதான் இருக்கு. ஒன்னு கூட கப்பலேறல."

சின்னபொண்ணு எழுந்து வந்தாள். போனருகே குனிந்தாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

"மொதலாளி... நீங்க திரும்பி வந்ததும் கும்பிட்டு நன்றி சொல்லணும்னு சொல்லிகினு இருந்தாரு. சோடா குடுத்ததுக்கு."

லைன் கட்டானது.

பவுல்துரை லாக்கப்பைத் திறந்தார். டேனி வெளியே வந்தான். ஸ்டேஷன் திண்ணையில் காத்திருந்த சோபியா குழந்தையை அவன் கையில் போட்டுவிட்டு அழுதாள். அவன் நெற்றி ரத்தம் குழந்தை சட்டையில் ஒட்டியது. கல் எறிந்தவர்களில் ஒருவரும் வாசலில் இல்லை.

"மேடம்," பவுல்துரை தயங்கினார். "கப்பல் வர திங்கக்கெழம ஆவுமே? அதுவரைக்கும் அந்த ஆளு?"

"கேப்டன்கிட்ட பேசறேன். ரூம்ல வெச்சுப் பூட்டட்டும்." எழிலரசி தொப்பியை எடுத்தாள். "இருபத்தி நாலு ஜூஸையும் அங்கயே குடிச்சு முடிச்சிடச் சொல்லுங்க ஏட்டய்யா. நம்ம லாக்கப்புல கம்பெனி சீலே இருந்தாலும் உள்ள விட மாட்டோம்!"