நாலாம் நம்பர் படுக்கைக்கு வந்த நோய்

2021 மே மாதம், சனிக்கிழமை, காலை 7.40.

ஓசூர், மத்திகிரி சாலை டயாலிசிஸ் மையத்தில் நாலாம் நம்பர் படுக்கை காலியாகக் கிடந்தது. அதில் படுத்து வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரித்துக்கொண்ட ராமப்பன், முந்தாநாள் கொரோனாவில் செத்துப்போனார். ஆறாம் படுக்கை பாலாஜி எங்கோ ஆக்சிஜனில் கிடந்தான். அந்தப் பக்கத்துக்கு ஊசி குத்தும் நர்ஸ் பொற்கொடி வீட்டில் காய்ச்சலோடு முடங்கிவிட்டாள். ஐந்தாம் படுக்கையில் மட்டும் ஒரு மனிதர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். பெயர் அழகர்சாமி. உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்து, ஓசூரில் தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர். எட்டு வருடமாக டயாலிசிஸ். இடது கை மெஷினோடு பிணைந்திருந்தது. வாய்க்கு எந்தப் பிணைப்பும் கிடையாது, அது எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

வட்டார மருத்துவ அலுவலர் சுசித்ரா கையில் நோட்டீசோடு வந்து நின்றார்.

“பத்து மணிக்கு சீல் வைக்கிறோம். ரெண்டு வாரம் மூடல். எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாம நடத்தவிட முடியாது.”

“தெரிஞ்சா?” என்றார் அழகர்சாமி.

“அந்த ஒரு ஷிஃப்டை மட்டும் தனியாப் பிரிச்சுட்டு மத்தவங்களுக்கு ஓட்டலாம்.”

முப்பத்தெட்டு பேர் இந்த எட்டு மெஷினை நம்பி உயிரோடு இருந்தார்கள். இரண்டு முறை தவறினால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். புதிதாக எடுத்த சாம்பிள்கள் ஐந்து நாளாக லேபில் தேங்கிக் கிடந்தன.

கதவோரம் ஒரு பெண் தலைகுனிந்து நின்றாள். மாரம்மா. ராமப்பனின் மனைவி, இந்த மையத்தையே கூட்டித் துடைக்கும் வேலைக்காரி. அவள் தெருவில் ஆறு பேருக்கு நோய். அவளுக்கு டெஸ்டில் நெகடிவ்தான். ஆனாலும் வந்து போயிருக்கும், அவள்தான் கொண்டுவந்து புருஷனுக்கே கொடுத்துவிட்டாள் என்று மையம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காரியம்கூட முடியாத பெண்ணை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அழகர்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டாக்டரம்மா, பத்து மணி வரைக்கும் என்கிட்ட விடுங்க. நான் எங்கயும் ஓடிற மாட்டேன். மெஷினே பிடிச்சு வச்சிருக்கு.”

சுசித்ரா கடிகாரத்தைப் பார்த்தார். “நடத்துங்க. நான் என் கேள்வியை முடிச்சுக்கறேன்.” படுக்கையில் இருந்த ஆறு பேரிடமும் ஒரே கேள்விதான். காய்ச்சல்? இருமல்? ருசி, வாசனை தெரியுதா?

அழகர்சாமி முறை வந்தது. “உப்பில்லாத சோத்துக்கு ருசி ஏதும்மா? எட்டு வருசமா வைக்கோல் தின்னுக்கிட்டு இருக்கேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். சுசித்ராவும் சிரித்துக்கொண்டே அடுத்த படுக்கைக்குப் போனார்.

காலை 8.15.

டெக்னீசியன் விமல்ராஜை அழகர்சாமி முதலில் பிடித்தார்.

“டெஸ்ட் எப்ப எடுத்தீங்க?”

“போன வாரத்துக்கு முந்தின திங்கக்கெழம சார். கேட்டுகிட்ட மேசை போட்டு, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா எடுக்கறோம்ல. முப்பத்தெட்டு பேருக்கும்.”

“யாருக்கு பாசிட்டிவ்?”

“திருமலைக்கு மட்டும். செவ்வாய்க்கெழம காலைல கேட்டுலயே நிறுத்தி கோவிட் மையத்துக்கு அனுப்பிட்டோம். உள்ள காலே வைக்கல.”

“சாம்பிள்ல யார் கை படும்?”

“ஒருத்தர் குச்சி விட்டு எடுப்பாரு. பேர் போட்ட ஸ்டிக்கர் கையுறையில ஒட்டிக்குதுன்னு, அதக் கூட வந்தவங்ககிட்டயே குடுத்து டியூப்ல ஒட்டச் சொல்லுவோம். அப்பறம் பெட்டி, வண்டி, லேப்.”

நோய் கண்ட ஒரே ஆள் வாசலைத் தாண்டவில்லை. தாண்டிய முப்பத்தேழு பேருக்கும் நோய் இல்லை என்று செல்போனில் செய்தி இருந்தது. பிறகு எப்படி வந்தது? மிச்சம் இருந்தது ஊழியர்கள். ஊழியர் என்றால் எல்லார் கண்ணும் மாரம்மாமேல்.

காலை 8.40.

“மாரம்மா, இப்படி வாம்மா. அந்தச் செவ்வாய்க்கிழமை எந்தப் படுக்கையத் தொடச்ச?”

“எட்டும் தொடச்சேங்க. தெனமும் எட்டும்தான்.”

“உன் வீட்டுக்காரர்கிட்ட நின்னு பேசுனியா?”

“வேல நேரத்துல பேசுனா திட்டுவாங்கன்னு அவரே பேசமாட்டாரு. உங்ககூடத்தான சார் நாலு மணி நேரமும் பேசிட்டு இருந்தாரு.”

அது உண்மைதான். ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி விலை, யானை வந்து மிதித்த ராகிக் காடு என்று ராமப்பனிடம் கதை கேட்கத்தான் அழகர்சாமி ஷிஃப்டுக்கே வருவார்.

“டாக்டரம்மா, ஒண்ணு பாருங்க. இந்தப் பொண்ணு எட்டுப் படுக்கையும் தொட்டிருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு, எட்டுல யாருக்கும் ஒண்ணுமில்ல. நாலுக்கும் ஆறுக்கும், அந்தப் பக்கம் குனிஞ்சு ஊசி குத்துன நர்ஸுக்கும் மட்டும் வந்திருக்கு. நடமாடுற ஆளு கொண்டாந்திருந்தா இப்படி ஒரே எடத்துல விழுமா?”

“அப்ப?”

“ஒரே எடத்துல நாலு மணி நேரம் இருந்த ஆளு.” சொல்லிவிட்டு அவரே நெற்றியைச் சுருக்கினார். அப்படி ஒரு ஆளை அவருக்குப் பிடிபடவில்லை.

காலை 9.05.

திருமலைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். குரல் கணீரென்று வந்தது.

“எனக்கா? ஒரு தும்மல்கூட வரலைங்க. இங்க கொழம்புல பெருங்காயத்த அள்ளிக் கொட்டறான், அந்த வாசனைதான் தாங்கல. நேத்து நெகடிவ் வந்துருச்சு, திங்கக்கெழம உட்டுருவாங்க.”

“அன்னைக்கு உங்ககூட யாரு வந்தது?”

“தனியாத்தான் வந்தேன். சக்கரைல கண்ணு மங்கிருச்சே, ஸ்டிக்கர்ல பேரு தெரியல. பாவம், உங்க ஊட்டம்மாதான் எனக்கும் சேத்து ஒட்டிக் குடுத்தாங்க. கேட்டதாச் சொல்லுங்க.”

அழகர்சாமி போனை வைத்தார். அதே நேரம் விமல்ராஜ் நாலாம் படுக்கையைச் சுற்றி பிளீச்சிங் தண்ணீரை ஊற்றித் துடைக்க ஆரம்பித்தான். மூன்றாம் படுக்கைக்காரர் துண்டால் மூக்கைப் பொத்தினார். சுசித்ரா இரண்டு மாஸ்க்கையும் மீறி இருமினார்.

அழகர்சாமிக்கு எந்த நெடியும் தெரியவில்லை. மாஸ்க் நல்ல மாஸ்க் என்று நினைத்தார். பிறகு, முப்பத்திரண்டு வருடம் போலீசில் இருந்த மனசு அந்த நினைப்பை ஒப்புக்கொள்ளவில்லை.

“விமலு, அந்த வாளியக் கிட்டக் கொண்டா.”

மாஸ்க்கை இறக்கி வாளிக்கு மேல் மூச்சை இழுத்தார். கண் எரிந்தது. மூக்குக்கு அது வெறும் தண்ணீர். போன வாரம் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தபோது பக்கத்திலேயே நின்றிருந்தவர் அவர். வாசலில் இருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தவள் மனைவி இருளாயி. டெஸ்ட் எடுத்த அந்தத் திங்களுக்கு முந்தின இரவு உடம்பு சுட்டதும், அவள் மாத்திரை கொடுத்ததும் ஞாபகம் வந்தது.

வாயை மூடிக்கொண்டு கிடந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. லேப் முடிவு வந்தால்கூட, இவருக்கும் மாரம்மாவால் வந்தது என்றுதான் சொல்வார்கள். அவர் கதவோரம் பார்த்தார். மாரம்மா இன்னும் நிமிரவில்லை.

காலை 9.30.

“வெளிய பெஞ்சுல என் சம்சாரம் இருக்கா. கூப்பிடுங்க.”

இருளாயி டிபன் பையோடு உள்ளே வந்தாள்.

“இருளாயி, ஸ்டிக்கரை மாத்தி ஒட்டுனியா?”

அவள் பையைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோடு ஒண்டினாள்.

“டாக்டரம்மா, நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல இருக்கிறது அஞ்சு. எனக்கு மட்டும் வரலைன்னு நாம எல்லாரும் நெனச்சோம். எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. திருமலை டியூப்ல என் பேரு, என் டியூப்ல அவரு பேரு. உப்பில்லாமத் தின்னே பழகுனதுல ருசி போனது எனக்குத் தெரியல. நீங்க கேட்டீங்க, நான் நக்கல் பேசினேன். அங்கதான் ரெண்டு பேரும் கோட்டை விட்டோம்.”

சுசித்ரா இருளாயியைப் பார்த்தார். “ஏம்மா இப்படி?”

“உடம்பு கொதிச்சுச்சு டாக்டர். அதுக்கு முந்தின மாசம் இங்க வந்துக்கிட்டிருந்த செல்வத்த பாசிட்டிவ்னு கோவிட் மையத்துக்கு அனுப்புனாங்கள்ல. அங்க இருந்தது ரெண்டே மெசினு. ரெண்டு தடவ கெடைக்கல. மூச்சு முட்டிச் செத்தாரு. இவருக்கும் அப்படி ஆயிருமோன்னு பயந்தேன். திருமலை அண்ணனுக்கு அங்க மச்சான் வேல பாக்குறாரு, எப்படியும் மெசினு வாங்கிருவாருன்னு நெனச்சேன். பக்கத்துல படுக்குறவருக்கு ஒட்டும்னு நெனைக்கவே இல்ல.”

“எழுதிக்கங்க டாக்டரம்மா,” என்றார் அழகர்சாமி. ஆயிரம் வாக்குமூலம் எழுதிய மனிதர் அவர். “பேரு இருளாயி. கணவர் பேரு அழகர்சாமி.”

சுசித்ரா நோட்டீசை மடித்து வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். அழகர்சாமியைப் பின்னறை மெஷினுக்கு மாற்றவும், காலை ஷிஃப்டைத் தனியாகப் பிரிக்கவும், மற்றவர்களுக்கு மதியம் முதல் வழக்கம்போல ஓட்டவும் சொன்னார். விமல்ராஜ் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினான்.

மாரம்மா கதவை விட்டு இரண்டடி உள்ளே வந்தாள்.

“அப்ப நா கொண்டாரலீங்களா சார்?”

“இல்லம்மா. நான்தான் கொண்டாந்தேன்.”

மாரம்மா இருளாயி பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“அக்கா, அவரு அஞ்சு நாள் ஆஸ்பத்திரில கெடந்தாரு. நாந்தான் குடுத்தேன், இன்னமும் எம்மூச்சு பட வேண்டாம்னு, சன்னல்கிட்டகூட நா போவல. மூட்டையாக் கட்டித்தான் காட்டுனாங்க. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நா அவரு மொகத்தப் பாத்திருப்பேன்.”