கொட்டாத தண்ணீர்

தொட்டியில் கழுவி பெல்ட்டில் ஏறிய மாம்பழங்கள் எல்லாம் காம்பு கீழே பார்த்தபடி வந்தன. ஒன்றுகூடப் புரண்டு கிடக்கவில்லை.

ஹேமாவதி பெல்ட்டை நிறுத்தினாள். காம்புப் பால் பட்டால் தோல் கருகிவிடும் என்று பழத்தை அப்படித் திருப்பி வைப்பவள் இந்த ஊரப்பாக்கம் மாம்பழக்கூழ் ஆலையில் ஒருத்திதான் இருந்தாள். அவள் அம்மா, அஞ்சம்மாள். போன மாதம் கழுவும் தொட்டிக்குள் வழுக்கி விழுந்து செத்தவள். உடலை எடுத்தார்கள். தண்ணீரைக் கொட்டவில்லை. அதே தண்ணீர் வடிகட்டிக்குப் போய், குளோரின் வாங்கி, திரும்பி வந்து பழம் கழுவியது.

காலையில்கூட, தண்ணீரைச் சோதிக்கும் தன் ஆய்வகத்திலிருந்து இறங்கி வந்து கேட்டாள்.

"தண்ணிய மாத்துங்க சார். எங்கம்மா தலையெண்ணெ வாசனை அடிக்குது."

சூப்பர்வைசர் ஜெபகுமார் சிரித்தார். "உன் டெஸ்ட்டே சுத்தம்னு சொல்லுது. அப்புறம் இன்னா? வாசனைன்னா குளோரின ஏத்திவுடு. உங்க வூட்லயே மொத டிகிரி நீதானே, இதுகூடவா தெரியாது?"

"ஏத்துறேன் சார். உங்க மூக்கு எரியிற வரைக்கும் ஏத்துறேன்."

ஏற்றினாள். கோபத்தில், அளவுக்கு மேல்.

இப்போது எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள். தகரக் கூரையில் மழை இரைந்தது. ஜிஎஸ்டி ரோட்டு ஹாரன்கள் நனைந்து தேய்ந்து வந்தன. அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்போடு குளோரின் நெடி தொண்டையைக் கீற, அதற்கும் அடியில், எந்த மருந்துக்கும் மசியாமல், வேப்பெண்ணெய் கலந்த தேங்காயெண்ணெய் மணம் எழுந்தது.

கரண்ட் போனது.

பம்ப் நின்றது. தண்ணீர் அடங்கவில்லை.

தொட்டியில் மிதந்த ஒரு பழம் மெல்லத் திரும்பியது. காம்பு கீழே. பக்கத்தில் இன்னொன்று. அவளை நோக்கி.

"எரியுது பாப்பா."

குழாய்க்குள்ளிருந்து.

வேலை முடிந்து வந்ததும் அம்மா தினமும் சொல்வது. குளோரினில் வெந்த இரண்டு கைகளையும் நீட்டுவாள். மடியில் புத்தகத்தோடு ஹேமாவதி ஊதிவிடுவாள்.

"நான்தாம்மா ஏத்துனேன்." தொட்டி விளிம்பைப் பிடித்தாள். "நீ உள்ள இருக்கன்னு தெரியாம ஏத்திட்டேம்மா."

பழங்கள் விலகின.

இரண்டு கைகள். வெளுத்து. ஊறி. நகமில்லாமல். உள்ளங்கை விரித்துக் காத்திருந்தன.

குனிந்தாள். ஊதினாள்.

கரண்ட் வந்தது. பம்ப் ஓடியது. அவள் ஊத ஊதத் தோல் கழன்று, வடிகட்டியை நோக்கி இழுபட்டுப் போனது. கைகள் நீட்டியபடியே இருந்தன.