என் மூஞ்சியப் பாத்துக் கேளு

பச்சை விளக்கு எரிந்திருக்கவே கூடாது.

மக்காவ் நகரில் உச்சி வெயில். பாதாம் பிஸ்கட் கடைக்குப் பக்கத்து ஏடிஎம்மில் தன் மனைவியின் அட்டையைச் செருகி, எண்களை அழுத்திய பிறகுதான் கைசெங்குக்கு ஞாபகம் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சீன வங்கி அட்டை என்றால் இங்கே இயந்திரம் முகத்தையும் கேட்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? திரையில் ஒரு வட்டம் வந்தது. 'கேமராவைப் பாருங்கள்.' ஓடிவிடலாமா என்று யோசிப்பதற்குள் வட்டம் பச்சையானது.

'முகம் பொருந்தியது. நன்றி, திருமதி சூலான்.'

நோட்டுகள் வந்தன. வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டான்.

சூலான் இருபது வருஷம் ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து விற்றுச் சேர்த்த காசு அது. நேற்றுக் காலை, எல்லைக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர்க் கடையின் பின்னறையில், கன்னத்தில் ஒரு தோல் துண்டை அதக்கிக்கொண்டே அவள் சொன்னாள்.

"சூதாடத்தானே? கேக்குறப்பகூட தரையப் பாத்துத்தான் கேப்பியா? என் மூஞ்சியப் பாத்துக் கேளுய்யா. அதப் பாக்காம ஒத்தக் காசு எடுக்க முடியாது உன்னால."

அவன் பார்க்கவில்லை. தோல் மூட்டை ஒன்றை எடுத்து அவள் முகத்தில் வைத்து, கால்கள் உதைப்பது நிற்கும்வரை அழுத்தினான். அப்புறமும் மூட்டையை விலக்கிப் பார்க்கவில்லை. நாளை அவள் தங்கை வந்து கடையைத் திறப்பாள். அதற்குள் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஹாங்காங் கப்பலில் ஏறிவிட வேண்டும்.

இரண்டாவது இயந்திரம் ஒரு சூதாட்ட விடுதியின் வாசலில் இருந்தது. குளிர்காற்று, உள்ளே ஓயாத மணிச்சத்தம், யாரோ ஊதிய சிகரெட் புகை, எல்லாவற்றுக்கும் அடியில், பழைய மூட்டையைப் பிரித்தால் வருமே, அந்தக் கசப்பும் இனிப்புமான தோல் வாசனை, முதலில் லேசாக, பிறகு மூக்கை விட்டு நகராமல். வட்டம் பச்சையானது. நோட்டுகளைச் சட்டைக்குள் திணிக்கும்போது நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. கன்னத்துக்குள் ஒரு தோல் துண்டு. துப்பினான். காலையிலிருந்து அவன் ஒன்றுமே சாப்பிட்டிருக்கவில்லை.

தண்ணீர் வாங்க நின்ற கடையில், கல்லாவிலிருந்த பெண் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"செத்த உக்காருக்கா. மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்கு."

"யாருடி அக்கா?"

சீறத்தான் நினைத்தான். குரல் மெலிந்து வந்தது. தாடையைத் தடவினான். மூன்று நாளாக மழிக்காத தாடை. வழுவழுவென்று இருந்தது.

கப்பல்துறைக்கு ஓடினான். பயம் இப்போதுதான் அவனுக்கு வந்தது. அவனைப் பாவம் என்று யாராவது சொன்னால், அவர்கள் சூலானை அறியாதவர்கள்.

நுழைவுக் கதவில் தன் பயண அனுமதிச் சீட்டை வைத்தான். வட்டம். சிவப்பு. மறுபடி வைத்தான். சிவப்பு.

அதிகாரி எழுந்து வந்து சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"இது ஆம்பளையோட சீட்டும்மா. உங்க வீட்டுக்காரருதா? அவரு எங்க?"

நான்தான் அது என்று கத்த வாயைத் திறந்தான். வாய் திறந்தது. பேசியது அவன் அல்ல.

"கடையில படுத்திருக்காரு சார். மூச்சு விடக் கஷ்டப்படுறாரு."

இருட்டு. முகத்தில் கனம். சாக்கு. கசப்புத் தூள் மூக்கில். தொண்டையில். உதைத்தான். எங்கோ ஒரு பின்னறைத் தரையில் அவன் குதிகால்கள் மோதின.

சாக்கின் இழைகளுக்கு நடுவே ஒரு பொட்டு வெளிச்சம். அதில் நுழைவுக் கதவின் திரை தெரிந்தது. சிவப்பு வட்டத்துக்குள் சூலான். தோல் துண்டை நிதானமாக மென்றுகொண்டு, அவனையே பார்த்துக்கொண்டு.

"இப்பப் பாருய்யா."

பார்த்தான். கண்ணை மூட முடியவில்லை. இமைகள் அவளுடையவை.