ஒன்பது முதல் நாற்பத்தெட்டு வரை

காலை ஆறு மணிக்கு மெர்லின் ஆய்வுக்கூடத்தின் மூன்று உலைகளையும் திறந்து பார்ப்பாள்: தொண்ணூறு டிகிரி, நூற்றைந்து, நூற்றிருபது. உள்ளே தபால்தலை அளவில் பாலிமர் படலங்கள் வெந்துகொண்டிருக்கும். தூத்துக்குடியில் வெளியே ஐம்பத்தைந்து டிகிரி அடிக்கிற காலம். நெஞ்சுக்கூட்டுக்குள் ரத்தத்தைக் குளிர்விக்கும் குளிர்நாளம் பொருத்தாமல் யாரும் பிழைக்க முடியாது. இந்தப் படலம்தான் அதன் மேலுறை. அது கிழிந்தால் ஆள் அரை மணி நேரம்கூடத் தாங்கமாட்டார்.

உடம்புச் சூட்டில் அது எத்தனை வருடம் உழைக்கும் என்று பார்க்க, இருபது வருடம் யார் காத்திருப்பது? அதனால் அதிகச் சூட்டில் சிதையவிட்டு, சிதைவு தொடங்கத் தேவையான கிளர்வு ஆற்றலைக் கணக்கிட்டு, வரைபடக் கோட்டை உடம்புச் சூடான முப்பத்தேழு டிகிரி வரை கீழே நீட்டுவார்கள். பத்து வருடத்துக்கு முன் மெர்லின் நீட்டிய கோடு 'பத்தொன்பது முதல் இருபத்துமூன்று வருடம்' என்றது. நகரமே அந்தப் பத்தொன்பதை நம்பித்தான் நடக்கிறது. பதினெட்டாம் வருடம்தான் மாற்று நாளம் கிடைக்கும். பத்து வருடமாவது உத்தரவாதம் மிச்சமிருந்தால்தான் குழந்தைக்கு அனுமதி. அவள் கணவன் எட்வினுக்கு நாளம் வைத்து ஒன்பது வருடம் ஆகப்போகிறது. அனுமதி வாங்கி, மெர்லினுக்கு இப்போது ஆறாம் மாதம்.

புதுப் படலம் ஒன்றுக்காகப் பழைய தாளைப் புரட்டியபோதுதான் அவள் அந்தத் தப்பைக் கண்டாள். முப்பத்தாறு அளவீடுகள் என்று எழுதியிருந்தாள். எடுத்ததோ மூன்றே துண்டுகளில், துண்டுக்குப் பன்னிரண்டு தடவை. மூன்று பேரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு முப்பத்தாறு பேரைக் கேட்டதாகச் சொன்ன கதைதான். பிழைவீச்சைத் திருத்திப் போட்டாள். ஒன்பது முதல் நாற்பத்தெட்டு வருடம் என்று வந்தது.

இயக்குநர் ஞானதுரை தாளை இரண்டு தடவை படித்தார். ஆலை மாதம் நானூறு நாளம்தான் செய்கிறது, நகரத்திலோ தொண்ணூறாயிரம் பேர், யாருக்கு முதலில் கொடுப்பது என்று கேட்டார். பெரும்பாலும் இவ்வளவுதான் என்று கணக்கு காட்டுகிற இருபத்தொன்று மாறவில்லையே, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போவோமே என்றார்.

"ஒம்போதுல நிக்கிறவங்களுக்குத் தெரியணும் சார்," என்றாள் மெர்லின். அறிக்கையை அவளே நகரத்தின் பொது அறிவிப்புப் பலகையில் ஏற்றினாள்.

அவள் வீடு திரும்புவதற்குள் எட்வின் அதைப் படித்திருந்தான். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"ரெண்டு நம்பர வச்சுக்கிட்டு நான் என்னட்டி செய்ய?" என்றான். "ஒண்ணு சொல்லு."

ஒற்றை எண்ணை நம்பாதீர்கள் என்று காலையில் ஊருக்கே எழுதியவள் அவள். அவன் முகத்தைப் பார்த்ததும் அந்தத் தைரியமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"இருபத்தொண்ணு," என்றாள்.

எட்வின் விரல்விட்டு எண்ணினான். "இன்னும் பன்னெண்டு வருசம். பிள்ள ஆறாங்கிளாஸ் போயிரும்." பிறகு சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.

அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. அவன் நெஞ்சைப் பார்க்காமல் குழம்பை ஊற்றினாள்.