கோலம் காத்த பூக்காடு

மர்பி டவுனில் டீனாவின் தெருமுனையில், பழைய மதிலை ஒட்டிக் கொஞ்சம் காலி இடம் இருந்தது. ஜூன் மழை தொடங்கியதும் டீனாவும் அவள் தோழி தாரணியும் அங்கே மண்ணைக் கிளறி விதை தூவினார்கள். தும்பை, கிலுகிலுப்பை, விஷ்ணுகிராந்தி. எல்லாம் இந்த மண்ணில் தானாக வளரும் காட்டுப் பூச்செடிகள். விதை கொடுத்தது பள்ளியில் வீணா மிஸ்.

"இது பூத்தா வண்ணத்துப்பூச்சிங்க தேடி வரும்" என்று மிஸ் சொன்னதிலிருந்து டீனாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

செப்டம்பர் வந்தபோது செடிகள் முழங்கால் உயரம் இருந்தன. பூ மட்டும் இல்லை. பார்ப்பவர்களுக்கு அது வெறும் புதர்.

அதே தெருவில் குடியிருந்த சவரிமுத்து அங்கிளுக்கும் அப்படித்தான் தெரிந்தது. தெருவைச் சுத்தமாக வைப்பது அவருக்கு உயிர். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார். மாதா திருவிழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தேர் வரும் வழியில் ஒரு காய்ந்த இலை கிடந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

"டீனா, நாளைக்குக் காலையில இந்தக் களையெல்லாம் வெட்டப் போறேன். சாயங்காலம் தேர் வருது" என்றார்.

"அது களை இல்ல அங்கிள். நாங்க விதைச்ச பூச்செடி."

"பூ எங்க?"

டீனா தேடித் தேடி, ஒரு செடியின் நுனியில் அரிசி அளவு மொட்டைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதைப் பாக்கணும்னா மாதா தேரை விட்டு இறங்கித்தான் வரணும்."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க அங்கிள்."

"மாதா வர்ற வழியில அட்ஜஸ்ட் எல்லாம் கிடையாது."

டீனாவுக்கு அழுகை முட்டியது. அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுத் தந்தவர் அவர்தான். அதனால் கோபப்படவும் முடியவில்லை.

தாரணியிடம் சொல்ல ஓடினாள். அவள் வீட்டு வாசலில் கோலம். டீனா வழக்கம்போல அதை மிதிக்காமல் சுற்றிப் போனாள். சட்டென்று நின்றாள்.

பக்கத்துத் தெருவில் முன்பு ஒரு குப்பைமேடு இருந்தது. குப்பையை அள்ளிவிட்டு அங்கே கோலம் போட்டார்கள். அப்புறம் யாருக்கும் அங்கே குப்பை போட மனசு வரவில்லை.

"தாரணி, உங்க வீட்டுல கோலமாவு எவ்வளவு இருக்கு?"

இருட்டுவதற்குள் இருவரும் செடிகளைச் சுற்றிக் கோலம் போட்டு முடித்தார்கள். தாரணி புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போட்டாள். டீனாவுக்கு வரையத் தெரிந்தது கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மட்டும்தான். ஆகவே வரிசையாக நட்சத்திரங்கள்.

காலையில் அங்கிள் கத்தியோடு வந்தார். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பின்னால் எடுத்து வைத்தார். மறுபக்கம் போனார். அங்கேயும் நட்சத்திரம்.

"மிதிக்காம உள்ள எப்படிப் போறது?"

"அதுக்குத்தான் போட்டோம் அங்கிள்" என்றாள் டீனா.

அவர் மீசைக்குள் சிரிப்பை அடக்கினார். "சரி, திருவிழாவுக்கு விட்டுடறேன். அப்புறமும் பூக்கலைன்னா வெட்டிடுவேன்."

சாயங்காலம் தேரோடு வந்த கூட்டமும் கோலத்தைச் சுற்றியே நடந்தது.

அடுத்த வாரம் ஒரு பெருமழை. கோலம் கரைந்திருக்குமே என்று, மறுநாள் வெயில் வந்ததும் டீனா தெருமுனைக்கு ஓடினாள். செடிகளின் பக்கத்தில் அங்கிள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வெட்டத் தொடங்கிவிட்டாரோ?

கிட்டே போனாள். கிலுகிலுப்பை மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. மேலே கருநீல வண்ணத்துப்பூச்சிகள் வட்டமிட்டன. அங்கிள் கையில் கத்தி இல்லை. ஒரு டம்ளர் கோலமாவு இருந்தது.

"அங்கிள், நட்சத்திரம் கோணலா இருக்கு."

"பூச்சிங்க ஒண்ணும் சொல்லல" என்றார் அவர், தலை நிமிராமலே. "நீ தள்ளி நில்லு, மிதிச்சிடப் போற."